பீர் ஏன் இப்படி ஆனது? மாஷ் நேரம், கொதி நேரம்: அறிகுறி பார்த்துத் திருத்துவது

மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) ஊறும்போது வீடு முழுக்க ஹார்லிக்ஸ் கரைத்த வாசம் வரும். அந்த ஒரு மணி நேரம் எனக்கு ரொம்பப் பிடிக்கும். ஆனால் அந்த ஒரு மணி நேரம் எதற்கு என்று தெரியாமலேயே பலர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். ரெசிப்பியில் மாஷ் (மால்ட்டை வெந்நீரில் ஊற வைப்பது) 60 நிமிடம், கொதி 60 நிமிடம் என்று இருக்கும். பீர் சரியாக வரவில்லையா, உடனே இரண்டில் ஒன்றை 90 ஆக்கிவிடுவார்கள். சில சமயம் அது சரிப்படும். பல சமயம் சரிப்படாது, ஏனென்றால் கோளாறு வேறு இடத்தில் இருக்கும்.

வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுச் சமையலறையில், ஒரே பானையில், துணிப்பையில் மால்ட்டைப் போட்டு 10 லிட்டர் அளவில் காய்ச்சுகிறவர்களை நினைத்து இதை எழுதுகிறேன். சிங்கப்பூரில் 2004 முதல் வீட்டில் பீர் காய்ச்ச அனுமதி உண்டு. 18 வயது நிரம்பியிருக்க வேண்டும், ஒரு வீட்டுக்கு மாதம் 30 லிட்டருக்கு மேல் போகக்கூடாது, விற்கக்கூடாது, காய்ச்சி வடிக்கவே கூடாது. 30 லிட்டர் என்றால் 10 லிட்டரில் மூன்று பேட்ச். அதனால் ஒரு பேட்ச்சில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாற்றுங்கள். மாஷையும் கொதியையும் ஒன்றாக மாற்றினால், எது உதவியது என்று கடைசிவரை தெரியாது.

மாஷ் நேரத்தில் மாவுச்சத்து சர்க்கரையாகிறது. அதில் ஈஸ்ட் தின்னக்கூடியது எவ்வளவு, தின்ன முடியாமல் பீரில் தங்குவது எவ்வளவு என்பது அங்கேயே முடிவாகிவிடும். கொதி நேரத்தில் தண்ணீர் ஆவியாகும், வேண்டாத வாசம் வெளியேறும், ஹாப்ஸ் என்ற பூவின் கசப்பு இறங்கும், புரதம் திரளும். இதெல்லாம் எல்லாருக்கும் தெரிந்ததுதான். அடுப்பை அணைத்த பிறகு வோர்ட் (மால்ட்டிலிருந்து வடித்த இனிப்பு நீர்) ஆற எவ்வளவு நேரம் ஆனது என்பதைத்தான் யாரும் குறித்து வைப்பதில்லை. குழாய்த் தண்ணீரே 28, 29 டிகிரியில் வருகிற ஊரில் இந்த நேரம் மிகவும் முக்கியம். கீழே இரண்டு மூன்று இடங்களில் கொதி நேரத்தின் மேல் விழுகிற பழி உண்மையில் இதனுடையது.

ஆரம்ப அடர்த்தி குறைவாக இருக்கிறது

தண்ணீரின் அடர்த்தியை 1.000 என்று வைத்து அளக்கிறோம். 1.050 வர வேண்டியது 1.042 தான் வந்தது என்றால், முதலில் அளந்த விதத்தைச் சந்தேகியுங்கள். அடர்த்தியை அளக்கும் மிதவைக் கருவிகளான ஹைட்ரோமீட்டர்கள் பெரும்பாலும் 20 டிகிரிக்கு அளவு குறிக்கப்பட்டவை. 30 டிகிரி வோர்ட்டில் 0.002 அல்லது 0.003 குறைத்துக் காட்டும். 60 டிகிரியில் பார்த்தால் சுமார் 0.015 குறையும். ஆற விட்டு அளந்தாலே பாதிப் பேரின் கவலை தீர்ந்துவிடும். அப்புறம் பானையில் எத்தனை லிட்டர் இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு லிட்டர் தண்ணீர் கூடிப்போயிருந்தால் மாஷில் எந்தக் குறையும் இல்லை.

இரண்டும் சரி என்றால் மால்ட் அரைபட்ட விதத்தைப் பார்க்க வேண்டும். ஒரு கைப்பிடி எடுத்து வெள்ளைத் தட்டில் பரப்புங்கள். உடையாத முழு மணிகள் ஆங்காங்கே தெரிந்தால் 60 நிமிடம் அதற்குப் போதாது. மணியின் நடுவே தண்ணீர் போய்ச் சேரவே நேரமாகும். அந்த மால்ட்டுக்கு 90 நிமிட மாஷ் உண்மையிலேயே உதவும். நன்றாக அரைத்த மால்ட்டில் முதல் 20, 30 நிமிடத்திலேயே பெரும்பாலான மாவுச்சத்து மாறிவிடும். பை முறையில் உமி உடைந்தாலும் வடிகட்டுவதில் சிக்கல் வராது. ஆகவே கடையில் அரைத்து வாங்கியது கரடுமுரடாக இருந்தால், மிக்ஸியில் விட்டு விட்டு ஓட்டி ரவைப் பதத்துக்குக் கொண்டுவாருங்கள். ஒரேயடியாக மாவாக்கிவிட வேண்டாம்.

மாவுச்சத்து மிச்சம் இருக்கிறதா என்று பார்க்க அயோடின் சோதனை உண்டு. உமி இல்லாத தெளிந்த வோர்ட் ஒரு சொட்டை வெள்ளைச் சாசரில் விட்டு, பக்கத்தில் ஒரு சொட்டு அயோடின் விட்டுக் கலந்து பாருங்கள். மருந்துக்கடையில் கிடைக்கும் பொவிடோன் அயோடினே போதும். கருநீலமானால் மாவுச்சத்து இருக்கிறது, மாஷைத் தொடருங்கள். நிறம் மாறாவிட்டால் மாஷ் நேரத்தை நீட்டி அடர்த்தியைக் கூட்ட முடியாது. சோதித்த வோர்ட்டைப் பானையில் திரும்பக் கொட்டாதீர்கள். உமி பட்டால் எப்போதும் கறுக்கும், அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.

கொதியை நீட்டி அடர்த்தியை ஏற்றலாமா? ஏற்றலாம், ஆனால் பீர் குறையும். ஒரு கணக்கு: 12.5 லிட்டர், 1.040. 1.040-இன் கடைசி இரண்டு இலக்கமான 40-ஐ லிட்டரால் பெருக்கினால் 500. அதையே 10 லிட்டராக வற்ற வைத்தால் 1.050. இப்போது தொடக்கத்தில் 1.034 தான் இருந்தது என்றால் பெருக்கல் 425. 1.050 வேண்டும் என்றால் 8.5 லிட்டர் வரை வற்ற வேண்டும். 2000 வாட் இண்டக்‌ஷன் அடுப்பில் மணிக்கு இரண்டு லிட்டர் ஆவியாகிறது என்று வைத்துக்கொண்டால், ஒன்றேகால் மணி நேர வேலை இரண்டு மணி நேரமாகிறது, ஒன்றரை லிட்டர் பீரும் போகிறது. நான் அப்படிச் செய்வதில்லை. 1.042-ஐ ஒரு மென்மையான பீராக ஏற்றுக்கொண்டு ஹாப்ஸைக் கொஞ்சம் குறைத்துப் போட்டுவிடுவேன்.

ஆரம்பம் சரி, ஆனால் 1.020-இல் நின்றுவிட்டது

என்னிடம் அதிகம் வந்த கேள்வி இதுதான். "அண்ணே, ரெண்டு வாரமாச்சு, 1.020-ஐ விட்டு இறங்க மாட்டேங்குது. கொதி பத்தலையோ?" என்று ஈசூனில் இருக்கும் ஒரு தம்பி கேட்டார். கொதிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. 1.048-இல் தொடங்கி 1.020-இல் நின்றால் 58 விழுக்காடுதான் புளித்திருக்கிறது. சாதாரண ஏல் ஈஸ்ட் 75 விழுக்காடு, அதாவது 1.012 வரை கொண்டுபோகும்.

காரணம் இரண்டில் ஒன்று: ஈஸ்ட் களைத்துவிட்டது, அல்லது மாஷில் ஈஸ்ட் தின்ன முடியாத சர்க்கரை அதிகம் உண்டாகிவிட்டது. எது என்று ஊகிக்க வேண்டியதில்லை. ஒரு டம்ளர் பீரைச் சுத்தமான பாட்டிலில் எடுத்து, அதில் ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட்டைப் போட்டு, மூடியைத் தளர்வாக வைத்து, சமையலறை மேடையிலேயே விட்டுவிடுங்கள். நம் ஊர்ச் சூட்டில் இரண்டு மூன்று நாள் போதும். அந்த டம்ளர் 1.012-க்கு இறங்கினால் ஈஸ்ட்தான் குற்றவாளி, பெரிய பாத்திரத்துக்குப் புது ஈஸ்ட் கொடுங்கள். டம்ளரும் 1.020-லேயே நின்றால் மாஷில்தான் காரணம், இந்த பேட்ச்சில் செய்ய ஒன்றுமில்லை. ஒளி வளைவதை வைத்து அடர்த்தி காட்டும் ரிஃப்ராக்டோமீட்டரில் பார்த்துவிட்டு இந்த முடிவுக்கு வராதீர்கள். ஆல்கஹால் சேர்ந்த பிறகு அது கூடுதலாகத்தான் காட்டும், ஹைட்ரோமீட்டர் எடுங்கள்.

மாஷ் என்று தெரிந்த பிறகும் நேரத்துக்கு முன்னால் சூட்டைப் பாருங்கள். இரண்டு நொதிகள் வேலை செய்கின்றன. பீட்டா அமைலேஸ் 55 முதல் 65 டிகிரிவரை நன்றாக வேலை செய்து, ஈஸ்ட் விரும்பும் மால்ட்டோஸைக் கொடுக்கும். ஆல்ஃபா அமைலேஸ் அதைவிடச் சூட்டில், 67 முதல் 75 வரை, மாவுச்சத்தை எங்கெங்கோ வெட்டிப் பெரிய துண்டுகளை விட்டுவைக்கும். 70 டிகிரியைத் தாண்டினால் பீட்டா சில நிமிடங்களிலேயே செத்துவிடும். அதன்பிறகு இரண்டு மணி நேரம் ஊற வைத்தாலும் அயோடின் நிறம் மாறாமல் மாவுச்சத்து இல்லை என்றே காட்டும், பீர் மட்டும் 1.020-இல் நிற்கும். மாவுச்சத்து போய்விட்டது என்பது ஒன்று, கிடைத்த சர்க்கரையை ஈஸ்ட் தின்னும் என்பது வேறு. அயோடின் முதலாவதை மட்டும்தான் சொல்லும்.

சூடு ஏன் ஏறுகிறது? இதற்கு இங்கே ஒரு தனிக் காரணம் உண்டு. பூச்சிக்கும் ஈரத்துக்கும் பயந்து மால்ட்டைக் குளிர்சாதனப் பெட்டியில் வைக்கிறோம். 5 டிகிரி மால்ட்டுக்கு, கிலோவுக்கு மூன்று லிட்டர் கணக்கில் 66 டிகிரி மாஷ் வேண்டுமென்றால் தண்ணீர் 74 டிகிரி இருக்க வேண்டும். அதே மால்ட் அறைச் சூட்டில் 30 டிகிரியில் இருந்தால் 71 போதும். முதல் தடவை 74 சரியாக வந்தது என்று நோட்டில் எழுதிவைத்து, அடுத்த தடவை மேசைமேல் இருந்த மால்ட்டுக்கும் 74 வைத்தால் மாஷ் 69-இல் போய் நிற்கும். மால்ட் 20 டிகிரியில் இருக்கும் என்று நினைத்து எழுதிய வெளிநாட்டு ரெசிப்பிகளிலும் ஒரு டிகிரிக்கு மேல் இதே பிழை வரும். ஆகவே மால்ட்டின் சூட்டையும் ஒருமுறை குத்திப் பாருங்கள். தெர்மாமீட்டரையும் ஐஸ் தண்ணீரில் 0, கொதிநீரில் 100 காட்டுகிறதா என்று சோதியுங்கள். இரண்டு டிகிரி பொய் சொல்கிற தெர்மாமீட்டரோடு மாஷ் நேரத்தைப் பற்றிப் பேசிப் பயனில்லை.

சூடு 65, 66-இல் சரியாக இருந்தும் அப்படி நின்றால், அப்போது நேரத்தை நீட்டுங்கள். 30 நிமிடத்தில் மாவுச்சத்து போய்விடும் என்றேன். ஆனால் பீட்டாவின் வேலை அதற்குப் பிறகும் நடக்கிறது. 30 நிமிடத்தில் நிறுத்திய மாஷைவிட 75, 90 நிமிடம் வைத்தது இன்னும் சில புள்ளிகள் (ஒரு புள்ளி என்பது 0.001) கீழே இறங்கும். வறண்ட, லேசான பீர் வேண்டுமென்றால் 64 டிகிரியில் 90 நிமிடம். கொஞ்சம் கெட்டியாக வாயில் நிற்க வேண்டுமென்றால் 68-இல் 45 நிமிடமே போதும்.

தண்ணீர் மாதிரி இருக்கிறது

மேலே சொன்னதன் மறுபக்கம். 1.004, 1.005 வரை இறங்கி, குடித்தால் உடம்பே இல்லாத பீர். குறைந்த சூட்டில் நீண்ட மாஷ் வைத்தால் இப்படி ஆகும். இரவில் மாஷைப் போட்டு, பானையைப் போர்வையில் சுற்றி, காலையில் கொதிக்க வைப்பவர்கள் உண்டு. எனக்கும் வேலை நாட்களில் அது வசதியாக இருந்தது. நம் ஊரில் பானை சீக்கிரம் ஆறாது, பீட்டா பல மணி நேரம் வேலை செய்துகொண்டே இருக்கும். அந்த முறைதான் வேண்டும் என்றால் 68, 69-இல் தொடங்குங்கள், அல்லது மாஷ் முடிந்ததும் 76, 77-க்கு ஏற்றிப் பத்து நிமிடம் வைத்து நொதிகளை நிறுத்திவிட்டுத் தூங்குங்கள். 50 டிகிரிக்குக் கீழே இறங்க விட்டால் லாக்டிக் பாக்டீரியா புகுந்து புளிக்கும்.

பாட்டிலில் போட்ட பிறகும் இறங்கிக்கொண்டே போனால் அது மாஷ் அல்ல. காட்டு ஈஸ்ட் புகுந்திருக்கலாம். பாட்டில் வெடிக்கும் அபாயம் உண்டு, உடனே குளிரில் வையுங்கள்.

வெந்த சோளம், முட்டைக்கோஸ் வாசம்

இதற்குக் காரணம் டைமெத்தில் சல்ஃபைடு. பார்லி முளைக்கும்போது உண்டாகும் எஸ்எம்எம் என்ற பொருள் சூட்டில் உடைந்து அது வருகிறது. பில்ஸ்னர் மால்ட்டைக் குறைந்த சூட்டில் உலர்த்துவதால் அதில் எஸ்எம்எம் அதிகம். பேல் ஏல் மால்ட்டில் குறைவு. இந்த அறிகுறியில்தான் கொதி நேரம் நேரடியாகக் கை கொடுக்கும். கொதியில் எஸ்எம்எம் ஏறக்குறைய 40 நிமிடத்துக்கு ஒருமுறை பாதியாகிறது. 60 நிமிடக் கொதிக்குப் பிறகு மூன்றில் ஒரு பங்கு மிச்சம் இருக்கும், 90 நிமிடத்துக்குப் பிறகு ஐந்தில் ஒரு பங்கு. பில்ஸ்னர் மால்ட்டுக்கு 90 நிமிடம் என்று சொல்வது இதனால்தான். பேல் ஏல் மால்ட்டில் 30 நிமிடக் கொதியிலும் இந்த வாசம் இல்லாமல் நல்ல பீர் எடுத்திருக்கிறேன்.

ஆனால் 90 நிமிடம் கொதித்தும் சோளம் மணக்கிறது என்று சொல்பவர்களிடம் நான் கேட்பது இரண்டு கேள்வி.

முதலாவது, மூடி போட்டீர்களா? அடுப்பின் சக்தி போதாமல் பலர் பாதி மூடி வைக்கிறார்கள். ஆவி மூடியில் பட்டு நீராகி, வெளியேற வேண்டிய வாசத்தையும் கூட்டிக்கொண்டு பானைக்குள்ளேயே விழுகிறது. 25 லிட்டர் பானையை 2000 வாட் அடுப்பில் வைத்தால் கொதி வராமல் வெறுமனே முணுமுணுக்கும். அளவைக் குறையுங்கள், பானையைச் சுற்றி ஃபாயில் ஒட்டிய உறை கட்டுங்கள், மூடியை எடுத்துவிடுங்கள். பொங்கி வழிகிற கொதி தேவையில்லை. மேற்பரப்பு விடாமல் புரண்டுகொண்டிருந்தால் போதும். சன்னலைத் திறந்துவிடுங்கள், இல்லாவிட்டால் மேல் அலமாரியில் தண்ணீர் முத்து முத்தாகக் கோத்து நிற்கும்.

இரண்டாவது, அடுப்பை அணைத்த பிறகு என்ன செய்தீர்கள்? 90 டிகிரிக்கு மேல் எஸ்எம்எம் உடைந்துகொண்டேதான் இருக்கும். ஆனால் கொதி நின்றுவிட்டதால் வாசத்தைத் தூக்கிப்போக ஆவி இல்லை. அது வோர்ட்டிலேயே தங்கிவிடுகிறது. பானையை மூடி, சிங்கில் குழாய்த் தண்ணீர் நிரப்பி, அதில் உட்கார வைத்தால், அந்தத் தண்ணீர் ஐந்தே நிமிடத்தில் சூடாகிவிடும். அப்புறம் பானை அப்படியே முக்கால் மணி நேரம் கொதிக்கக் கொதிக்க நிற்கும். கொதி நேரத்தை இரண்டு மணி நேரமாக்கினாலும் இது சரியாகாது.

செம்பு அல்லது எவர்சில்வர் சுருள்குழாய் ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். 29 டிகிரித் தண்ணீர்கூட 100-இலிருந்து 70-க்குச் சில நிமிடத்தில் இறக்கிவிடும், முக்கியமான ஆபத்து அங்கேயே நீங்கிவிடும். வரும் வெந்நீரை வாளியில் பிடித்தால் பாத்திரம் கழுவ ஆகும். ஐஸை ஆரம்பத்திலேயே கொட்டாதீர்கள். 11 லிட்டரை 100-இலிருந்து 40-க்கு இறக்கக் கணக்குப்படி ஏழு கிலோ ஐஸ் கரையும். 40-இலிருந்து 20-க்கு இரண்டரை கிலோதான். முதல் பாதிக்குக் குழாய், இரண்டாம் பாதிக்கு ஐஸ். ஐஸ் இல்லை என்றால், 35 டிகிரி வந்ததும் சுத்தமான பாத்திரத்துக்கு மாற்றி இறுக்கமாக மூடி, இரவு முழுக்கக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் ஈஸ்ட் போடுங்கள். அல்லது 30, 35 டிகிரியில் புளிக்கும் நார்வே நாட்டு குவேய்க் ஈஸ்ட் வாங்குங்கள். நம் ஊருக்கென்றே வந்ததுபோல் இருக்கும்.

சோளத்தோடு புளிப்பும் சேர்ந்து வந்தால் பாக்டீரியா. அதற்கு நேரம் காரணமில்லை, சுத்தம்தான்.

கசப்பு கூடிவிட்டது, அல்லது போதவில்லை

கொதி நேரத்தைக் குறைத்தால் கசப்பு எவ்வளவு குறையும் என்பதை டின்செத் கணக்கு ஏறக்குறையச் சொல்லும். 1.050 வோர்ட்டில் 60 நிமிடம் கொதிக்கும் ஹாப்ஸிலிருந்து கிடைக்கும் கசப்பில் சுமார் முக்கால் பங்கு 30 நிமிடத்திலேயே வந்துவிடும். 15 நிமிடத்தில் பாதி. 90 நிமிடம் கொதித்தாலோ 60-ஐவிட ஏழு விழுக்காடுதான் கூடுதல். ஆகவே கசப்புக்காகக் கொதியை 90-க்கு நீட்டுவது வீண். 30 நிமிடக் கொதிக்கு மாறினால் கசப்பு ஹாப்ஸை மூன்றில் ஒரு பங்கு கூட்டினால் சரியாகிவிடும்.

கசப்பு எதிர்பார்த்ததைவிடக் கூடி, கடைசியில் போட்ட ஹாப்ஸின் மணமும் காணாமல் போனால், மறுபடியும் ஆற்றுகிற நேரம்தான். பத்து நிமிடத்துக்கு என்று போட்ட ஹாப்ஸ் 90 டிகிரியில் இன்னும் அரை மணி நேரம் ஊறினால் அது கிட்டத்தட்ட அரை மணி நேர ஹாப்ஸாகிவிடும். சுருள்குழாய் இல்லாதவர்கள் கடைசி ஹாப்ஸை 80 டிகிரிக்குக் கீழே வந்த பிறகு போடுங்கள். கசப்பு போதவில்லை என்றால் ஹாப்ஸை எங்கே வைத்திருந்தீர்கள் என்று பாருங்கள். திறந்த பாக்கெட் அறைச் சூட்டில் இருந்தால் அதன் கசப்புச் சத்து போய்விடும். காற்றுப் போகாமல் ஃப்ரீசரில் வையுங்கள்.

கலங்கல்

குளிரில் கலங்கி, அறைச் சூட்டில் தெளிந்தால் அது புரதமும் டானின் என்ற துவர்ப்புச் சத்தும் சேர்ந்த கலங்கல். கொதி பலவீனமாக இருந்தாலும் மிகச் சுருக்கமாக இருந்தாலும் புரதம் நன்றாகத் திரளாது. கொதிக்கும்போது முட்டைச் சூப் மாதிரி திரிதிரியாகப் பிரிந்தால் நல்ல அறிகுறி. கடைசிப் பத்துப் பதினைந்து நிமிடத்தில் ஐரிஷ் மாஸ் என்ற உலர்ந்த கடற்பாசியைப் போடுங்கள், வேகமாக ஆற்றுங்கள்.

எந்தச் சூட்டிலும் கலங்கியே இருந்தால் பீரிலேயே ஒரு சொட்டு அயோடின் விட்டுப் பாருங்கள். கறுத்தால் மாவுச்சத்து. மாஷ் சுருக்கமாக இருந்திருக்கும், அல்லது அரிசி போட்டிருப்பீர்கள். பச்சரிசியை அப்படியே மாஷில் போட்டால் 66 டிகிரியில் வேகாது, எத்தனை மணி நேரம் வைத்தாலும் மாவுச்சத்து வெளியே வராது. முதலில் குழையக் குழையக் கஞ்சியாக்கிப் போட வேண்டும். அல்லது தேக்காவில் ஒரு பாக்கெட் அவல் வாங்குங்கள். அவல் ஏற்கெனவே வெந்து தட்டியது என்பதால் நேராக மால்ட்டோடு போடலாம். மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கு அவல் போட்டு, 65-இல் 75 நிமிடம் ஊற வைத்தால் எங்கள் வீட்டு மதியச் சாப்பாட்டுக்கு ஏற்ற லேசான பீர் வரும்.

நாக்கை இழுக்கும் துவர்ப்பு

மாஷை நீட்டியதால் துவர்ப்பு வந்தது என்று சொல்வார்கள். நான் பார்த்தவரை காரணம் நேரம் அல்ல. கழுவி வடிக்கும் தண்ணீர் 77 டிகிரியைத் தாண்டுவதும், பிஎச் 6-க்கு மேல் போவதும்தான் உமியிலிருந்து டானினை இழுக்கிறது. மாஷ் பிஎச் 5.2 முதல் 5.6-க்குள் இருக்கட்டும். இங்கே வெளிர் மால்ட் மட்டும் போட்டால் அது கொஞ்சம் மேலே நிற்கலாம். அப்போது லாக்டிக் அமிலம் சில துளி விட்டு அளந்து பாருங்கள். பையைப் பிழியத் தயங்க வேண்டாம். சூடும் பிஎச்சும் சரியாக இருந்தால் பிழிவதால் துவர்ப்பு வராது, அரை லிட்டர் வோர்ட் மிச்சமாகும்.

மருந்து வாசமோ பிளாஸ்டர் வாசமோ வந்தால் இரண்டு நேரங்களையும் தொடவே வேண்டாம். குழாய்த் தண்ணீரில் குளோரமைன் இருக்கிறது, கொதிக்க வைத்தாலும் அது எளிதில் போகாது. மாஷுக்குத் தண்ணீர் பிடித்தவுடன் பொட்டாசியம் மெட்டாபைசல்பைட்டைக் கத்தி நுனியில் ஒட்டும் அளவு கலக்கி, ஐந்து நிமிடம் விட்டு, அதன்பிறகு அடுப்பை மூட்டுங்கள்.